இரண்டு தெருவுக்கும் ஒரே தண்ணீர்

எங்கள் நகரில் மொத்தம் இரண்டே தெரு. முதல் தெருவில் நான் இருக்கிறேன். இரண்டாம் தெருவில் என் நாத்தனார் இருக்கிறாள். என் வீட்டுப் பின்சுவரும் அவள் வீட்டுப் பின்சுவரும் முதுகோடு முதுகு காட்டி நிற்கும், நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து. "நாத்தனார் பக்கத்துலயே இருந்தா எவ்ளோ ஒத்தாசை தெரியுமா" என்று கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னவர்கள் பல பேர். எல்லோருமே தங்கள் நாத்தனாரை வேறு மாவட்டத்தில் வைத்திருந்தவர்கள்.

திண்டிவனம் பக்கம், மரக்காணம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் நகர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைந்துகொண்டிருந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து, மஞ்சள் கல் நட்டு விற்றார்கள். மனை விற்றபோது கையில் கொடுத்த வண்ணப் படத்தில் பூங்கா இருந்தது, நடைபாதை இருந்தது, நீச்சல் குளம்கூட இருந்தது. மற்றதெல்லாம் பொய்யாகப் போனாலும் நீச்சல் குளத்தை மட்டும் சொன்ன சொல் தவறாமல் கொடுத்தார்கள். ஐப்பசி பிறந்தால் போதும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தனித்தனியாகக் கிடைத்துவிடும்.

வடிகால் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரண்டு தெருவிலும் ஓரமாக சிமெண்டு வடிகால் கட்டித்தான் இருந்தது. ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. வண்டி ஏற்றுவதற்கு வாசலில் சிமெண்டுச் சரிவு ஒன்று வேண்டுமே, எல்லோரும் ராம்ப் என்று சொல்வது, அதை வடிகால்மேல் போட்டு மூடியிருந்தோம். ராம்ப் போட்ட பிறகு மிச்ச இடத்தை வீணாக்குவானேன் என்று ஒருவர் துளசி மாடம் கட்டினார், ஒருவர் துணி துவைக்கும் கல் போட்டார், ஒருவர் குரோட்டன்ஸ் தொட்டி வரிசை வைத்தார். எங்கள் வீட்டு ராம்ப்பில் சமையல் மேடைக்கு வாங்கி மிஞ்சிய கறுப்பு கிரானைட் ஒட்டியிருந்தது. என் கணவர் அதைத் தினமும் ஒரு முறை துடைப்பார். நாத்தனார் வீட்டு ராம்ப் எங்களுடையதைப்போல இரண்டு மடங்கு அகலம். கார் ஏறுவதற்காக. கார் இன்னும் வாங்கவில்லை.

வீடு கட்டுகிற ஒழுங்கும் எங்கள் நகரில் தனி. புதிதாக ஒருவர் கடைக்கால் தோண்டினால் மேஸ்திரியிடம் சொல்கிற முதல் விஷயம், பக்கத்து வீட்டைவிட ஒரு அடியாவது உயரமாக இருக்கவேண்டும் என்பதுதான். அதற்குப் பக்கத்தில் அடுத்த வருஷம் கட்டுகிறவர் அதைவிட ஒரு அடி. இப்படியே போய், முதலில் கட்டிய நாங்கள் பள்ளத்தில் இருந்தோம், கடைசியில் கட்டியவர் மாடி ஏறுவதுபோலத் தன் வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷ ஐப்பசியில் மழை தொடங்கிய முதல் வாரமே தெரு நிறைந்துவிட்டது. எனக்கு விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை. தினமும் ரயிலில் போய் வருகிறவள். செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ போட்டு வைத்த செங்கல்களைக் காலால் தேடித் தேடித் தெருமுனைக்குப் போவேன். அங்கே நின்று செருப்பைப் போட்டுக்கொள்வேன். அதன் பிறகுதான் நான் உத்தியோகத்துக்குப் போகிற பெண். அலுவலகத்தில் ஒருநாள் மேலாளர் என் புடவைக் கரையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நாத்து நட்டுட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்பளம் வாங்குகிற இடத்தில் வேறென்ன செய்வது.

எங்கள் தெருவுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஒரு தலைவர் உண்டு. எதிர்வீட்டுக்காரர், ஏதோ ஒரு அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேச்சையும் "சட்டப்படி பாத்தா" என்றுதான் தொடங்குவார். தண்ணீர் அவர் வீட்டுக் கேட்டைத் தொட்ட அன்று அவசரக் கூட்டம் போட்டார். எங்கள் வாசலைத் தொட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது, அது அவசரமாகத் தெரியவில்லை.

"நகராட்சிக்குச் சொல்லி, அவங்க வந்து பாத்து, எப்ப நடக்கும்? மோட்டாரைப் போட்டு எறைச்சிடலாம்," என்றார் தலைவர்.

"எறைச்சு எங்க சார் விடறது?" என்று ஒருவர் கேட்டார்.

தலைவர் கையை மட்டும் பின்பக்கம் காட்டினார். இரண்டாம் தெரு. அந்தக் கையைப் பார்த்ததும் கூட்டத்தில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. என் கணவருக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக மலர்ந்தது, ஏனென்றால் அவர் வைத்திருப்பது மோட்டார் ரிப்பேர் கடை. பழைய டீசல் மோட்டார்களைச் சரிசெய்து வாடகைக்கும் விடுவார்.

மறுநாள் காலையில் பச்சைப் பெயிண்ட் அடித்த மோட்டார் ஒன்று எங்கள் வாசலில் வந்து இறங்கியது. ஹோஸ் பைப்பை எங்கள் வீட்டை ஒட்டி, பின்சந்து வழியாக இரண்டாம் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். சாயந்திரத்துக்குள் தெரு தெரிய ஆரம்பித்தது. காணாமல் போயிருந்த செருப்புகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ வீட்டு மிக்ஸி மூடி எல்லாம் கிடைத்தன. தலைவர் வீட்டிலிருந்து எல்லோருக்கும் பஜ்ஜி வந்தது. விஞ்ஞானத்தை மனிதன் எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று அவர் ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினார்.

விடிந்து பார்த்தால் தண்ணீர் மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"ஊத்து எடுத்திருக்கு," என்றார் ஒருவர்.

"ஏரி கசியுது," என்றார் இன்னொருவர்.

"சட்டப்படி பாத்தா இது நிலத்தடி நீர்," என்றார் தலைவர். மோட்டாரை மறுபடியும் முடுக்கினார்கள். சாயந்திரம் வடிந்தது. காலையில் நிறைந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மாடியில் துணி உலர்த்தப் போன நான் எதேச்சையாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். சந்தில் எங்கள் பைப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு பைப் படுத்திருந்தது. எங்கள் பைப் தெற்கே போனது. அது வடக்கே, எங்கள் தெருவைப் பார்த்து வந்து, எங்கள் பக்கத்து வீட்டுச் சுவர் ஓரம் வாயைத் திறந்து, சளசளவென்று தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனை எங்கே போகிறது என்று கண்ணால் பிடித்துக்கொண்டே போனேன். நாத்தனார் வீட்டுப் பக்கவாட்டில் ஓடி, அவள் வாசலில் போய் நின்றது. நிமிர்ந்தால், எதிர் மாடியில் நாத்தனார், தோளில் ஈரத் துண்டோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னாம்மா இது, எங்க தெருவுல உங்க பைப்பு?" என்றேன்.

"இத்தினி நாளா எங்க தெருவுல உங்க பைப்பு இருந்துச்சே அண்ணி, நான் கேட்டேனா?"

"எங்க தண்ணிய நாங்க எறைக்கறோம்."

"எங்க வாசலுக்கு வந்தப்புறம் அது எங்க தண்ணி அண்ணி. எங்க தண்ணிய நாங்க எங்க வேணா எறைப்போம்."

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வாசலில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் கண்ணில் பட்டது. பச்சைப் பெயிண்ட்.

"மோட்டாரு யாரு குடுத்தது?"

"எங்க அண்ணன்தான்," என்றாள், துண்டை உதறிக் கொடியில் போட்டபடி. "தங்கச்சி கேட்டா இல்லேன்னுடுவாரா?"

கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வரும்வரை காத்திருந்தேன். சாதத்தைப் போட்டுவிட்டுக் கேட்டேன். அவர் ஒன்றும் மறைக்கவில்லை.

"தங்கச்சி வந்து நிக்கிது. அண்ணா, பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கேன், வாசல்ல பந்தல் போடணும், தெருவெல்லாம் தண்ணியா நிக்கிது, ஒரு மோட்டாரு குடுங்கன்னு அழுவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

"அந்தத் தண்ணி நம்ம வாசலுக்குத்தான் வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"நம்ம தெருவுலதான் ஏற்கெனவே ஒரு மோட்டாரு இருக்குதே," என்றார். கொஞ்சம் குழம்பைப் பிசைந்துவிட்டு, ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "ஆமா, அந்த மோட்டாரு நல்லா ஓடுதா? சத்தம் ஒண்ணும் வரலியே?"

அன்றைக்கு அவருக்கு மோர் ஊற்றாமல் எழுந்து போய்விட்டேன். என்னால் முடிந்த போராட்டம் அவ்வளவுதான்.

விஷயம் வெளியே தெரிந்ததும் இரண்டு தெருக்காரர்களும் மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். பகலில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த எங்கள் மோட்டாரை நாள் முழுக்க ஓடவிட்டார் தலைவர். அவர்களும் விடவில்லை. முதலில் நிறுத்துகிறவன் மூழ்குவான் என்பது இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது. ஒரே தண்ணீர் சந்து வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தது. இரண்டு பக்கமும் ஆண்கள் தண்ணீருக்குள்ளேயே நாற்காலி போட்டு, மோட்டாருக்குக் காவல் உட்கார்ந்திருந்தார்கள். டீசல் புகையில் என் வீட்டுச் சுவர் கறுத்தது. அந்தத் தண்ணீர் அந்த வாரம் பார்த்த ஊரை நான் கல்யாணமானதிலிருந்து பார்த்ததில்லை.

நானும் நாத்தனாரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம். ஆனால் காதுகுத்துக்கு அழைக்காமல் இருக்க முடியுமா? குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்ளவேண்டியவர் தாய்மாமன், அதாவது என் கணவர். தாய்மாமன் சீர் இல்லாமல் காதில் ஊசி படக்கூடாது. ஒரு மாலை தாம்பாளத்தில் வெற்றிலைபாக்கு, பழம், பூ வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணா, நீங்களும் அண்ணியும் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்," என்றாள் தன் அண்ணனைப் பார்த்து.

"தண்ணியிலதான் நிக்கணும் போலருக்கு," என்றேன் நான் கதவைப் பார்த்து.

"மோட்டாரை நிறுத்தினா தரையில நிக்கலாம்," என்றாள் அவள் தாம்பாளத்தைப் பார்த்து.

என் கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பழம் நல்லா இருக்கே, எங்க வாங்கினே?" என்றார்.

முகூர்த்தம் குறித்துக் கொடுத்த ஜோசியர் ஒன்பது கிரகத்தையும் பார்த்திருந்தார். மேகத்தை மட்டும் பார்க்கவில்லை. காதுகுத்து அன்று காலையிலிருந்தே மழை. பந்தல்காரர் வாசலில் போட்ட பந்தல் தண்ணீரில் நான்கு காலும் நனைய நின்றது. சீர் வரிசை எங்கள் வீட்டிலிருந்து தெருமுனை போய், அங்கிருந்து திரும்பி இரண்டாம் தெருவுக்குள் நுழையவேண்டும். சந்து வழியாகப் போய்விடலாம் என்று நான் சொன்னதற்கு, "தாய்மாமன் சீரை சந்துல கொண்டு போவாங்களா?" என்று கணவரின் சித்தி கேட்டார். அதுவும் சரிதான். மானம் பெரிய தெருவில்தானே நடக்கவேண்டும்.

முன்னால் மேளக்காரர் தவிலைக் கழுத்து வரை உயர்த்திக் கட்டிக்கொண்டு போனார். நாதஸ்வரக்காரருக்கு அவருடைய மகள் குடை பிடித்தாள். பின்னால் என் கணவர், வேட்டியைத் தூக்கி இடுப்பில் செருகி, தங்க வளையம் இருந்த சின்னப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு. அவர் பின்னால் நாங்கள் பெண்கள், பட்டுப் புடவையில், ஆளுக்கொரு தட்டோடு. என் தட்டில் லட்டு. வழிநெடுக வீட்டுக்காரர்கள் உயரமான வாசல்களில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கைதட்டாததுதான் பாக்கி.

நாத்தனார் வீட்டு வாசலை நெருங்கியதும் நான் செய்த தவறு, தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்ததுதான். ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். நானும் கொஞ்சம் கம்பீரமாகப் போகலாமே என்று அடியை எடுத்து வைத்தேன். காலுக்கடியில், தண்ணீருக்குள், வாங்காத காருக்காகக் கட்டிய ராம்ப்பின் ஓரம். பாசி பிடித்திருந்தது. நான் அப்படியே பின்பக்கமாகப் போய் உட்கார்ந்தேன், லட்டுத் தட்டோடு. தண்ணீர் நெஞ்சு வரைக்கும் வந்தது. தட்டு என்னை விட்டுப் பிரிந்து மெல்ல மிதந்து போனது. லட்டுகள் மிதக்காது என்பது அன்றுதான் தெரிந்தது.

"அய்யோ அண்ணி!" என்று ஆரத்தியை யார் கையிலோ திணித்துவிட்டு நாத்தனார் இறங்கி ஓடி வந்தாள். ஓடி வந்தவள் அதே ராம்ப்பில், அதே பாசியில், எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேளம் நின்றுவிட்டது. மழை மட்டும் எங்கள் இரண்டு பேர் தலையிலும் பாகுபாடில்லாமல் பெய்தது.

எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. இடுப்பிலும் கணுக்காலிலும் சுரீரென்று வலி. ஊரே பார்க்கிறது. புடவை போச்சு. அவள் முகத்தைப் பார்த்தேன். கொண்டையிலிருந்து கனகாம்பரம் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. "அடி பட்டுச்சா அண்ணி?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு வாய் கோணி, சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. போட்டோகாரர் தன் கடமையைத் தவறாமல் செய்தார். அந்தப் படம் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. குழந்தையின் படம் இரண்டாம் பக்கத்தில்தான்.

காதுகுத்து முடிந்தது. குழந்தை ஈர வேட்டி மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதது ஊசிக்கா, மாமன் மடியின் ஈரத்துக்கா என்று சொல்ல முடியவில்லை. பந்தி முடிந்ததும் நாத்தனார் வெந்நீரும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து, வீங்கிப்போன என் கணுக்காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு லீவு போடுங்க அண்ணி," என்றாள் பிறகு. "ரெண்டு பேரும் நகராட்சிக்குப் போலாம். இந்த ஆம்பளைங்களை நம்பிக்கினு இருந்தா அடுத்த காதுகுத்து வரைக்கும் மோட்டாருதான் ஓடிக்கினு இருக்கும்."

மறுநாள் நான் நொண்டிக்கொண்டும் அவள் என்னைப் பிடித்துக்கொண்டும் போனோம். பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். காதுகுத்தில் யார் யார் என்ன மொய் வைத்தார்கள் என்பதை அலசி முடித்து, யார் யார் வரவில்லை என்பதை அலசத் தொடங்கியபோது கூப்பிட்டார்கள். பொறியாளர் ஒரு இளம்பெண். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, பேனாவை மூடினார்.

"இருங்க. நீங்க முதல் தெரு. இவங்க ரெண்டாம் தெரு. ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்களா?"

"நாத்தனாருங்க," என்றேன். இதைவிடப் பெரிய அதிசயம் இருக்க முடியாது என்பதால் தனியாக விளக்கினேன்.

"இதுவரைக்கும் உங்க தெருவுலேர்ந்து வந்தவங்க எல்லாம் ரெண்டாம் தெரு மேல நடவடிக்கை எடுங்கன்னாங்க. ரெண்டாம் தெருவுலேர்ந்து வந்தவங்க எல்லாம் உங்க தெரு மேல எடுங்கன்னாங்க. வடிகாலைப் பத்தி இப்பதாங்க ஒருத்தர் பேசறீங்க."

அடுத்த நாளே வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கூட இரண்டு பேரோடு, மட்டம் பார்க்கிற கருவியை முக்காலியில் வைத்து இரண்டு தெருவையும் பார்த்தார். பிறகு எல்லோரையும் தலைவர் வீட்டு வாசலில் கூட்டினார். அதுதான் உயரமான வாசல்.

"ரெண்டு தெருத் தண்ணியும் போவறதுக்கு ஒரே வழிதான். ரெண்டாம் தெரு கடைசியில மெயின் ரோட்டுக்குக் கீழே ஒரு சிறுபாலம் இருக்கு. அதைத் தாண்டினா ஏரிக்குப் போற வாய்க்கால். அந்தச் சிறுபாலத்தோட வாயை யாரோ மண்ணைக் கொட்டி மூடியிருக்காங்க. அந்த மூலை மனை யாருது?"

இரண்டாம் தெரு மூலையில் முதலீட்டுக்காக ஒரு மனை வாங்கிப் போட்டு, வருங்காலத்தில் பள்ளமாகிவிடக்கூடாதே என்று லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி வைத்திருந்தவர் எங்கள் தலைவர். எல்லோரும் அவரைப் பார்க்காமல் இருக்க முயன்றதிலேயே பொறியாளருக்கு விடை தெரிந்துவிட்டது.

"சட்டப்படி பாத்தா அது என் சொந்த மனை," என்றார் தலைவர்.

"மனை உங்களுதுதான் சார். ரோட்டோரம் உங்களுது இல்லையே. மண்ணு அதுவரைக்கும் வந்து கிடக்கு."

பிறகு பொதுவாக எங்களைப் பார்த்துச் சொன்னார். வடிகாலை ஆழப்படுத்தி, தண்ணீர் ஓடுகிற சரியான வாட்டத்தில் கட்டிக் கொடுப்பதும், சிறுபாலத்தைத் திறந்து வாய்க்காலைத் தூர்வாருவதும் நகராட்சி வேலை. வடிகால்மேல் இருக்கிற ராம்ப்பையும் துளசி மாடத்தையும் மற்றதையும் எடுப்பது எங்கள் வேலை. பிறகு வேண்டுமானால் கழற்றி எடுக்கக்கூடிய இரும்புக் கம்பி மூடி போட்டுக்கொள்ளலாம். "நாங்க வந்து இடிச்சா நீங்க கோர்ட்டுக்குப் போவீங்க. அது முடியறதுக்குள்ள இந்தக் குழந்தைங்க எல்லாம் வேலைக்குப் போயிடும். நீங்களே இடிச்சுக் குடுங்க, நாங்க கட்டித் தர்றோம்."

இன்னொன்றும் சொன்னார். மொட்டை மாடித் தண்ணீரை எல்லோரும் தெருவில் விடுகிறோம், அதற்குத்தான் மழைநீர் சேகரிப்பு இருக்கிறதே என்றார். இருக்கிறதுதான். ஒவ்வொரு வீட்டிலும் மாடியிலிருந்து ஒரு பைப் இறங்கி மண்ணுக்குள் போகும். பிளான் பாஸ் ஆவதற்காகப் போட்டோ எடுத்த பைப். மண்ணுக்குள் ஒரு சாண் போனதும் முடிந்துவிடும். அதையும் முறையாகக் குழி தோண்டி, ஜல்லி போட்டுச் செய்யவேண்டும் என்றார். எல்லோரும் ரொம்ப நியாயம் என்று தலையாட்டினோம். அடுத்தவர் இடிக்கட்டும், நாமும் இடித்துவிடலாம் என்று வீட்டுக்குப் போனோம்.

ஒரு வாரம் யாரும் இடிக்கவில்லை. காலையில் ஒவ்வொருவராக வெளியே வந்து, மற்ற வீட்டு ராம்ப்களைப் பார்த்துவிட்டு, திருப்தியோடு உள்ளே போவார்கள். நாத்தனார் மாடியிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை காலையில. நீங்க உங்களுத இடிங்க, நான் எங்களுத இடிக்கறேன். ஒரே நேரத்துல. யாரும் முதல்ல இல்ல, யாரும் ரெண்டாவது இல்ல."

"உங்க அண்ணன் கிரானைட்டைப் பாத்து அழுவாரே."

"அழட்டும். நான் காரையே விட்டுக் குடுக்கறேன், அவரு கல்லை விடமாட்டாரா?"

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தெருவிலும் கடப்பாரைச் சத்தம் கேட்டது. என் கணவர் முதல் அடி விழுந்தபோது உள்ளே போய்விட்டார். பிறகு மனம் கேளாமல் வெளியே வந்து, கிரானைட்டை மட்டும் உடையாமல் தானே உளியால் பெயர்த்து எடுத்தார். அது இப்போது எங்கள் சாமி அறைக்கு வெளியே சாய்ந்து நிற்கிறது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் நகரில் ஒருவர் எதைச் செய்தாலும் அடுத்தவர் செய்யாமல் இருக்கமாட்டார். உயரம் ஏற்றிக் கட்டியதும் அந்தக் குணத்தால்தான். அதே குணம் இப்போது இறங்குமுகமாக வேலை செய்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆளைக் கூப்பிட்டார். அதைப் பார்த்து அவருக்கு அடுத்தவர். கார்த்திகை முடிவதற்குள் துளசி மாடங்கள் உள்ளே குடிபோயின, துவைக்கும் கல் மாடிக்கு ஏறியது. வடிகால் என்று ஒன்று இருப்பதை நானே கண்ணால் பார்த்தேன்.

தலைவர் மட்டும் அசையவில்லை. ஒரு வண்டி மண்ணைக்கூட எடுக்க முடியாது, சட்டம் தன் பக்கம் என்றார். அவரை அசைத்தது பொறியாளர் இல்லை, நாங்களும் இல்லை. அவர் மனைவி. கூட்டங்களில் பஜ்ஜி கொடுப்பதைத் தவிர அந்த அம்மாள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் காலை பால் வாங்கப் போனவர் கொழகொழத்த சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டு, வெறும் காலோடு வந்து நின்றார். வாசலில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரிடம், தெருவே கேட்கும்படி சொன்னார்.

"இந்த வாரத்துக்குள்ள அந்த மண்ணு எடுக்கலேன்னா நான் கெடாருக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க அந்த மனையில குடிசை போட்டுக்கினு இருங்க. சட்டப்படி அது உங்க மனைதானே."

தலைவர் பேப்பரை இறக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் மத்தியானம் பொக்லைன் வந்தது. சிறுபாலத்தின் வாய் தெரிய, இரண்டு தெருவிலும் இருந்த பழைய தண்ணீர் ஒரு முணுமுணுப்போடு கிளம்பிப் போனது. யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. இரண்டு மோட்டாரும் இன்னும் ஒரு வாரம் தயாராகவே நின்றன. பிறகு என் கணவர் பெருமூச்சோடு இரண்டையும் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனார். அந்த ஐப்பசி அவர் வாழ்க்கையிலேயே நல்ல ஐப்பசி.

நகராட்சி சொன்னபடி வந்தது. சொன்ன மாதத்தில் அல்ல, சொன்னபடி. பொங்கல் கழிந்து தோண்ட ஆரம்பித்தார்கள். குடிதண்ணீர் பைப் உடைந்தது, டிவி கேபிள் அறுந்தது, வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் பலகை போட்டு நடந்தோம். தண்ணீரில் நனைந்த காலம் போய் புழுதியில் குளித்த காலம் வந்தது. "மழையே தேவலை" என்று சொன்னவர்களும் உண்டு, அதிலும் எங்கள் தெருக்காரர்கள் முன்னணியில் இருந்தார்கள். பொறியாளர் வாரம் தவறாமல் வந்து வாட்டத்தைச் சரிபார்த்தார். ஒரு இடத்தில் மட்டம் தப்பியது என்று கட்டியதை இடித்துக் கட்டச் சொன்னார். தன் ராம்ப்பைத் தவிர வேறொன்று இடிபடுவதைப் பார்க்க எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு சந்தோஷம்.

சித்திரையில் வேலை முடிந்ததும் தெருமுனையில் பெரிய பேனர் ஒன்று கட்டினார்கள். நடுவில் தலைவரின் முகம், கைகூப்பியபடி. பக்கத்தில் 'வடிகால் கண்ட வள்ளல்' என்று எழுதியிருந்தது. சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்களில் சங்கத்து ஆண்கள், என் கணவர் உட்பட. தலைவரின் மனைவி, நாத்தனார், நான், பொறியாளர், ஒருவரும் இல்லை. நாத்தனார் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லவேளை அண்ணி, நம்ம போட்டோ கிடைச்சிருந்தா காதுகுத்துப் படத்தைப் போட்டிருப்பாங்க," என்றாள்.

அடுத்த ஐப்பசியில் முதல் பெரிய மழை ஒரு வேலைநாளில் வந்தது. விழுப்புரத்தில் அலுவலக ஜன்னலுக்கு வெளியே வானம் இருண்டது. சம்பளப் பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேராக இன்னொருவர் கணக்கை ஏற்றி, அழித்து, மறுபடியும் ஏற்றினேன். மத்தியானம் போன் வந்தது.

"அண்ணி, தண்ணி போவுது."

"எங்க போவுது?"

"அது பாட்டுக்குப் போவுது. நான் வாசல்லதான் நிக்கிறேன். தரை தெரியுது அண்ணி."

சாயந்திரம் ரயிலை விட்டு இறங்கி வந்தபோது எங்கள் தெருவில் ஆளுக்கொரு குடையோடு கூட்டம். ஏதோ விபத்து என்று பயந்து ஓடினேன். ஒன்றுமில்லை. எல்லோரும் வடிகாலை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கம்பி மூடிக்கடியில் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு கிழக்கே போனது. நானும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. காலில் செருப்பு இருந்தது.

"இவ்ளோ தண்ணியும் வீணாப் போவுதே," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "இதை இங்கேயே நிறுத்தி வச்சா போர்ல தண்ணி ஏறும் இல்ல?"

யாரோ ஆமாம் என்றார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

இப்போது இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே சங்கம். கூட்டம் தவறாமல் நடக்கிறது. இந்த மாதம் தெருநாய்களைப் பற்றி. இரண்டாம் தெருக்காரர்கள் தங்கள் தெரு நாய்களை முதல் தெருவுக்கு விரட்டிவிடுகிறார்கள் என்று ஒரு புகார், முதல் தெருக்காரர்களைப் பற்றி அதே புகார். நான் போகவில்லை. நாத்தனார் போயிருக்கிறாள். வந்து மாடியிலிருந்து எல்லாவற்றையும் சொல்வாள்.